களிம்பு டப்பாவுக்குள்ள தண்ணிக்கு என்ன வேலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு மூலிகைக் களிம்பு. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க: கற்றாழை ஜெல், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் மஞ்சள், ரெண்டு வைட்டமின் ஈ கேப்ஸ்யூல். எல்லாத்தையும் கலக்கி டப்பாவுல போட்டு, 'ஆறு மாசம் கெடாது'ன்னு முடிச்சிடுவாங்க. தனித்தனியா பார்த்தா எல்லாமே நமக்குப் பழகின பொருள்தான். ஆனா அந்த டப்பா சில நாள்லயே பூஞ்சை பிடிக்கலாம். ஏன்னு பார்ப்போம்.

மூணே பொருள்

சித்த மருத்துவத்துல புற மருந்து 32 வகைன்னு பிரிச்சிருக்காங்க. அதுல களிம்பும் ஒண்ணு. நாம வீட்டுல செய்யுற சாதாரணக் களிம்புக்கு எண்ணெய், மூலிகை, தேன்மெழுகு போதும். மூணுக்கும் தனித்தனி வேலை இருக்கு.

எண்ணெயோட வேலை, மூலிகையில இருக்கிறதை இழுத்து வச்சுக்கிறது. மஞ்சளோட நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணியில கிட்டத்தட்ட கரையவே கரையாது, எண்ணெயில கரையும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில ஊறப்போட்டு வெயில்ல வச்சா, சில நாள்ல எண்ணெய் ஊதா நிறமா மாறும். சோரியாசிஸுக்கு, அதாவது காளாஞ்சகப்படைக்கு, சித்த மருத்துவர்கள் கொடுக்கிற தைலம் அதுதான்.

தேன்மெழுகு எதுக்கு? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிடும். சென்னையில அது பெரும்பாலும் தண்ணியாத்தான் இருக்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல வேணும். அதனால களிம்பு கெட்டியா நிக்குது. அது மட்டுமில்ல, தோல் மேல மெல்லிசா படிஞ்சு ஈரம் வெளியே போறதைக் குறைக்குது. பித்தவெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் களிம்பு இதமா இருக்கிறதுல பெரிய பங்கு இந்த மெழுகுக்குத்தான்.

அளவு

100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு. மே மாச வெயில்னா 25 வரைக்கும் போகலாம். நேரா அடுப்புல வைக்காதீங்க, தீப்பிடிக்கும். சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க. ஒரு ஸ்பூன்ல எடுத்து ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நிமிஷம் வச்சா பதம் தெரிஞ்சிடும். ரொம்ப இளக்கமா இருந்தா மெழுகு, கெட்டியா இருந்தா எண்ணெய் சேர்த்துக்கோங்க.

இப்ப தண்ணி விஷயம்

எண்ணெயும் மெழுகும் மட்டும் இருக்கிற இடத்துல பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்றது கஷ்டம். அதுங்களுக்குத் தண்ணி வேணும். கற்றாழை ஜெல்லுல 98 சதவீதத்துக்கு மேல தண்ணிதான்! அதை களிம்புல கலந்தா, கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிற மாதிரி.

வைட்டமின் ஈ காப்பாத்தாதான்னு கேப்பீங்க. காப்பாத்தாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்ற வேலை அதுக்குத் தெரியாது.

தைலம் காய்ச்சுறவங்களுக்கு இது எப்பவோ தெரியும். பச்சிலைச் சாறு விட்டுக் காய்ச்சினா, சடசடப்பு முழுசா அடங்குற வரைக்கும் அடுப்புல இருந்து இறக்க மாட்டாங்க. அந்தச் சத்தம் தண்ணியோட சத்தம். அது நின்னாத்தான் எண்ணெயில ஈரம் இல்லைன்னு அர்த்தம். நாம இன்னும் சுலபமா போகலாம்: குப்பைமேனியோ வேப்பிலையோ, நிழல்ல நொறுங்குற அளவுக்குக் காயவச்சு அப்புறம் எண்ணெயில போடுங்க. டப்பா, ஸ்பூன், விரல் எல்லாமே ஈரமில்லாம இருக்கணும். கற்றாழை வேணும்னா அப்பப்ப வெட்டி, அப்பவே தடவிக்கோங்க.

எங்க போடக்கூடாது

இயற்கையானதுங்கிறதால எல்லாருக்கும் ஒத்துக்கும்னு இல்ல. மஞ்சளுக்கும், தேன்மெழுகோட வர்ற புரோபோலிஸுக்கும், வாசனை எண்ணெய்களுக்கும் அலர்ஜி வர்றவங்க இருக்காங்க. முன்கையோட உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க. எலுமிச்சைச் சாறு பக்கமே போகாதீங்க; அது பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்து கறுத்துப்போகும்.

தீக்காயத்துல எந்தக் களிம்பும் வேண்டாம். குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் ஓடவிட்டுக் காட்டுங்க, பெரிய காயம்னா உடனே ஆஸ்பத்திரி. வீட்டுல சர்க்கரை நோய் இருக்கிற அப்பாவுக்கோ பாட்டிக்கோ கால்ல புண்ணுன்னா, அதுல நம்ம டப்பாவைத் திறக்காதீங்க. அந்தப் புண் வெளியே சின்னதா தெரிஞ்சாலும் உள்ளே பரவலாம். நாலு நாள் களிம்பு போட்டுப் பார்த்ததுல போற நேரம், காலையே எடுக்கிற நிலைமையில கொண்டு விடலாம்.

மத்தபடி வறண்ட முழங்கை, வெடிச்ச குதிகால், உதடு, இதுக்கெல்லாம் தாராளமா செஞ்சு போடுங்க. டப்பா மேல செஞ்ச தேதியை எழுதி வைங்க. வாடை மாறினா யோசிக்காம தூக்கிப் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!