நட்டை இறுக்கும் நீண்ட கை

மாணவர்களே, ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைகளில் கார்கள் 'கேரவன்' எனும் நடமாடும் வீடுகளை இழுத்துச் செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை டன், இரண்டு டன் எடையுள்ள அந்த வீட்டைக் காரோடு பிணைப்பது எது தெரியுமா? பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டு. அந்தக் குண்டைக் காரின் பின்புறம் பிடித்து வைத்திருப்பது, அதன் அடியிலுள்ள ஒரே ஒரு நட்!

அந்த நட் தளர்ந்தால் ஆபத்து. அப்படியானால் முடிந்தவரை இறுக்கிவிடலாமா? அதுவும் தவறு. ஏன்?

நட்டை இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட், சுருள்வில்லைப் போலப் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்து அழுத்துகிறது. குறைவாக இறுக்கினால், வண்டியின் அதிர்வில் நட் மெல்லச் சுழன்று கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால், போல்ட் நிரந்தரமாக நீண்டு வலுவிழக்கும், முறியவும் கூடும்.

சரியான அளவை எப்படி அறிவது? இங்கேதான் திருப்புவிசை வருகிறது.

திருப்புவிசை = விசை × தூரம்

ஒரு நட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 600 நியூட்டன் விசை தேவை. அது ஏறக்குறைய 60 கிலோ மனிதரின் எடை! 60 சென்டிமீட்டர் கைப்பிடி என்றால் 200 நியூட்டன் போதும். ஆனால், இது இலவச லாபம் அன்று. நீண்ட கைப்பிடியை மும்மடங்கு தூரம் நகர்த்த வேண்டும்; செய்யும் வேலை மாறுவதில்லை.

அந்த நீண்ட கைப்பிடியின் முனையில் 60 கிலோ மனிதர் ஏறி நின்றால்? 360 நியூட்டன் மீட்டர்! தேவையானதைப் போல மூன்று மடங்கு. அதனால்தான் இறுக்குவதற்கு 'டார்க் ரெஞ்ச்' பயன்படுகிறது. அளவை முன்கூட்டியே அதில் அமைத்துவிட்டால், அந்த அளவை எட்டியதும் 'டிக்' என்று ஒலி எழுப்பும். அங்கே நிறுத்திவிட வேண்டும். எந்த நட்டுக்கு எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

துருப்பிடித்த நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்ச் கூடாது. அதன் துல்லியம் கெட்டுவிடும். அதற்கு நீண்ட, உறுதியான கைப்பிடியும் ஆறு முகங்கள் கொண்ட சாக்கெட்டும் ஏற்றவை. ஆறு முகச் சாக்கெட் நட்டின் தட்டையான பக்கங்களைப் பற்றிக்கொள்ளும். தொளதொளவென்று இருக்கும் ஸ்பேனரோ மூலைகளை மழுக்கிவிடும். துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துச் சிறிது நேரம் காத்திருந்தால் வேலை எளிதாகும்.

அதே எண்ணெயைச் சக்கர நட்டுகளை இறுக்கும்போதும் பூசலாமா? கையேடு சொன்னாலன்றிக் கூடாது. நாம் தரும் திருப்புவிசையில் பெரும்பகுதி உராய்வை வெல்லவே செலவாகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்தால், 'டிக்' ஒலி கேட்பதற்குள் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

செய்து பாருங்கள்: கதவைக் கீலுக்கு அருகில் ஒரு விரலால் தள்ளுங்கள். பிறகு கைப்பிடி அருகே தள்ளுங்கள். எது எளிது? நீண்ட ஸ்பேனரின் இரகசியம் உங்கள் விரலுக்கே புரியும்.