பனிச்சறுக்குப் பலகைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ஆடித்தபசுக்கு வேர்த்து விறுவிறுத்து நிற்கிற சங்கரன்கோவில்காரனுக்குப் பனிச்சறுக்கு எதற்கு என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. முதலாமாண்டில் மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அழுத்தம் = விசை / பரப்பு, அதற்காகத்தான்!

சறுக்கப் போகிறவர் காலில் மாட்டும் நீளப் பலகைதான் ஸ்கீ. இரு முனையும் அகன்று, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். அந்த இடுப்பின் அளவைத்தான் அகலம் என்கிறார்கள்.

60 கிலோ ஆள் வெறும் பூட்ஸோடு புதுப்பனியில் நின்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 150 கிராம் அழுத்தம். முழங்கால் வரை புதைவார். 160 செ.மீ. நீளம், 75 மி.மீ. அகலத்தில் இரண்டு பலகை மாட்டினால் (வளைவைக் கணக்கில் எடுக்காமல்) 25 கிராம்தான். 105 மி.மீ. என்றால் 18. அப்படியானால் அகலமானதே நல்லது என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

எங்கப்பா அடுத்தவர் டிராக்டர் ஓட்டுகிறார். தொழி உழவுக்கு கேஜ் வீல் மாட்டுவார்; அதோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் போச்சு, இடுப்பும் போச்சு. ஸ்கீ விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அது எதுல ஓடப்போவுதுல, தொழியிலயா ரோட்டுலயா?"

சறுக்குத் தலங்களில் பெரும்பாலும் மெஷின் வைத்து அமுக்கிய கெட்டிப் பனிதான். அதாவது ரோடு! அதில் திரும்பும்போது பலகையைச் சாய்த்து, ஓரத்து இரும்பு விளிம்பால் பனியைக் கவ்வ வேண்டும். பாதத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குத் தூரம் பாதி அகலம்: 75-க்கு 37.5 மி.மீ., 105-க்கு 52.5. திருப்புத்திறன் 40 சதவீதம் கூடுதல். அதைத் தாங்குவது கணுக்காலும் முழங்காலும்!

ஆகவே கெட்டிப் பனிக்கு 70 முதல் 85, இரண்டும் கலந்த இடத்துக்கு 85 முதல் 95, ஆழமான புதுப்பனிக்கு 100-க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தனியாளாய்க் கலந்துகொண்ட ஆரிஃப் கான், காஷ்மீர் குல்மார்க்கில் பழகியவர். கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் அவருடைய ஸ்லாலம் போட்டிக்கான பலகை 70 மி.மீ.கூட வராது.

குல்மார்க்கிலேயே இரண்டு நிலமும் உண்டு. கீழே புதியவர்கள் பழகும் சரிவு. 2005-ல் திறந்த இரண்டாம் கட்ட ரோப் கார் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கே அமுக்காத பனி, அகலப் பலகைதான் சரி. ஆனால் மிதக்க வைக்கிற அகலம் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. 2023 பிப்ரவரியில் அந்த மலையில் போலந்துக்காரர் இருவர் அப்படித்தான் இறந்தார்கள்.

நம்மில் யாராவது வேலை கிடைத்து அங்கே போனால், வாடகைக் கடையில் 75-க்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். பூட்ஸ் பொருந்துவது இதைவிட முக்கியம். மலர்க்குழு எனக்குக் கொடுத்த இடமோ ஒரு பக்கம்தான்!