பில்லில் எழுதும் எண் ஏன் மாறுகிறது?



மொத்த ஆர்டர் எடுக்கும் குழுக்களுக்கு எச்.எஸ்.என். எண் என்பது புதிய விஷயம் இல்லை. பில்லில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. "பழைய பில்லைப் பார்த்து அப்படியே எழுதிட்டோம்"னு பல குழுக்களில் சொல்றாங்க. ஆனால் அந்த எண் காலத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது.

நாம் கூடை என்போம், வேறு நாட்டில் வேறு பெயர் சொல்வார்கள். துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு இது என்ன பொருள், என்ன வரி என்று குழப்பம் இல்லாமல் தெரிய வேண்டும். அதற்காகத்தான் உலக சுங்க அமைப்பின் எண் பட்டியல் 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது. கடைசி 2 இலக்கம் நம் நாடு சேர்த்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இதே எண் உள்ளூர் பில்லுக்கும் வந்துவிட்டது.

புதுப் பொருள் வரும், பழையது போகும். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துகிறார்கள். 2007, 2012, 2017, 2022 என்று கடைசியாக நான்கு முறை திருத்தினார்கள்.

கூடையையே எடுத்துக்குவோம். 2006 வரை மூங்கில் கூடை, பிரம்புக் கூடை, பனை ஓலைக் கூடை எல்லாவற்றுக்கும் 4602 10 என்ற ஒரே எண். 2007-ல் மூங்கிலுக்கு 4602 11, பிரம்புக்கு 4602 12 என்று பிரித்தார்கள். உலகத்துக்குப் பொதுவான 6 இலக்கத்தில் நம்ம பனை ஓலைக்குத் தனி எண் கிடைக்கவில்லை, 'மற்றவை' என்று 4602 19-ல் போய்விட்டது. (மூங்கிலுக்கும் பிரம்புக்கும் கேட்பதற்குச் சர்வதேச அமைப்பு இருந்தது. ஓலைக்கு யார் இருக்கா?)

இப்போ ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கிறீங்கன்னு வைங்க. 4602 10-க்கு நேராக 2007-க்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. கூடை வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 11, 12, 19 மூன்றையும் கூட்டினால் பழைய 10-க்குச் சமமாக வரும். ஆனால் 2006-ல் பனை ஓலைக் கூடை மட்டும் எவ்வளவு போனது என்று கேட்டால், இந்த 6 இலக்கக் கணக்கில் பிரித்து எடுக்க முடியாது. பிரிக்காமல் எழுதிய கணக்கு அது.

நாப்கின் கதை நேர் எதிர். முன்பு காகிதக் கூழில் செய்தால் 4818 40, பஞ்சில் செய்தால் 5601 10. எதால் செய்தது என்றுதான் பார்த்தார்கள். 2012-ல் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் 9619 என்ற ஒரே எண்ணில் சேர்த்தார்கள். குழந்தைகளுக்கான அணையாடையும் அதில்தான். எங்களைக் கேட்டால் இது சரியான மாற்றம்.

நாப்கின் தயாரிக்கும் குழுக்கள் இதைக் கவனிக்கணும். 2017-ல் நாப்கினுக்கு 12 சதவீதம் வரி போட்டார்கள். பெண்கள் பல இடங்களில் எதிர்த்தார்கள். 2018 ஜூலையில் வரியை முழுசா நீக்கினார்கள். அந்த விலக்கு 9619 என்ற எண்ணோடுதான் இருக்கிறது. பழைய ஞாபகத்தில் 4818 என்று எழுதினால் அது காகிதப் பொருள் ஆகிவிடும். வாங்குகிற கம்பெனியின் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பும், பணம் வர இழுத்தடிக்கும். அதற்குள் குழுவின் வங்கிக் கடன் தவணை வந்து நிற்கும்.

மசாலா குழுக்களுக்கும் ஒன்று. 2012 முதல் காய்ந்த மிளகாய் முழுசாக இருந்தால் 0904 21, அரைத்தால் 0904 22.

பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீட்டுப் பட்டியலை உலக சுங்க அமைப்பே ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளியிடுகிறது. விற்பனைப் பதிவேட்டில் பொருளின் பெயர், எதால் செய்தது, எண், எந்த வருடப் பட்டியல் என்று நான்கையும் எழுதி வையுங்கள். எண் மாறினாலும் பெயரை வைத்துப் பழைய கணக்கைத் தேடிப் பிடிக்கலாம்.

அடுத்த திருத்தம் 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. எண்ணோடு சேர்த்து பில் புத்தகம் அச்சடிக்கும் குழுக்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக அடித்து அடுக்க வேண்டாம்.