கடல் விலகிய ஊருக்குக் கணினியில் ஒரு கடல்

துருக்கியின் மேற்கே, பாலாட் என்ற சிற்றூரின் பக்கத்தில், பழைய கல் அரங்கம் ஒன்று வயல்வெளியைப் பார்த்தபடி நிற்கிறது. ரோமானியர் காலத்தில் அதில் சுமார் 15,000 பேர் உட்காரலாம். அன்று அவர்கள் கண்ணில் பட்டவை கப்பல்கள். அந்த இடம்தான் மிலேட்டஸ், நான்கு துறைமுகங்கள் இருந்த கிரேக்க நகரம், தத்துவ அறிஞர் தேலீஸின் ஊர். மியாண்டர் ஆறு நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிய வண்டல், விரிகுடாவையே தூர்த்துவிட்டது. இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இந்த ஊரைக் கடலோடு சேர்த்துக் கணினியில் மீட்டது ஏதென்சில் இயங்கும் ஹெலெனிக் உலக அறக்கட்டளை. அதன் கண்காட்சி வளாகத்தில் 'கிவோட்டோஸ்' என்ற சின்ன அறை இருந்தது. சுவர்களிலும் தரையிலும் படம் விழும். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சிறு கூட்டம் மிலேட்டஸ் தெருக்களில் உலவி வரலாம்.

அந்தத் தெருக்களை எதை வைத்து வரைகிறார்கள்? முதல் ஆதாரம் அகழாய்வு. ஜெர்மானியர்கள் 1899இல் அங்கே மண்வெட்டி பிடித்தார்கள். அவர்களின் வரைபடங்கள் இன்றும் கைகொடுக்கின்றன. இரண்டாவது, ஊரின் ஒழுங்கு. மிலேட்டஸ் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக அமைந்த ஊர். சில தெருக்களைத் தோண்டினாலே, தோண்டாத தெரு எங்கே போயிருக்கும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். தூணும் அப்படித்தான். அடிப்பகுதியின் விட்டத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் உண்டு என்பதால், உடைந்த துண்டுகள் சிலவற்றிலிருந்தே முழுத் தூணைக் கணிக்க முடிகிறது.

இப்போதெல்லாம் இடிபாட்டைச் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். ஒரே கல் பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் விழுவதை மென்பொருள் ஒப்பிட்டு, அதன் இடத்தைக் கணக்கிட்டு, கோடிக்கணக்கான புள்ளிகளால் வடிவம் எழுப்புகிறது.

நிறம்தான் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். கிரேக்கச் சிற்பங்கள் வெள்ளை வெளேரென்று இருந்ததாக நினைத்தே நமக்குப் பழக்கம்; உண்மையில் அவற்றில் வண்ணம் தீட்டியிருந்தார்கள். 'எகிப்திய நீலம்' என்ற நிறமியின் மீது சாதாரண ஒளி பட்டால், அது அகச்சிவப்பில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கத்தை அதற்கென்று அமைத்த கேமரா பிடித்துவிடும். பார்த்தெனான் சிற்பங்களில் ஒட்டியிருந்த நீலம் 2009இல் இப்படித்தான் சிக்கியது.

ஆனால் கோயிலுக்கும் அரங்கத்துக்கும் இருக்கும் ஆதாரம் சாதாரண வீட்டுக்கு இல்லை. கல் அஸ்திவாரத்தின் மேல் பச்சைச் செங்கல் சுவர், மரக் கூரை. சுவர் கரைந்துவிட்டது, மரம் மட்கிவிட்டது. ஜன்னல் எந்த உயரத்தில் இருந்தது, மாடி இருந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் ஊகம். திரையிலோ கோயிலும் வீடும் ஒரே பளபளப்பில் தெரிகின்றன. படம் எவ்வளவு அழகோ, ஏமாறுவதும் அவ்வளவு சுலபம். எது சான்று, எது ஊகம் என்று பதிவுசெய்து பார்ப்பவருக்குத் தெரியும்படி வைக்கவேண்டும் என, கணினி மறுகட்டுமானங்களுக்கு நெறிமுறை வகுக்கும் லண்டன் சாசனம் 2006இலிருந்து வலியுறுத்துகிறது. ஊகத்தை மங்கலாகவோ வேறு நிறத்திலோ காட்டினால் போதும். கண்காட்சி நடத்துபவர்களுக்கு மங்கல் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்!

இன்னொரு சிக்கல், எந்த ஆண்டின் மிலேட்டஸ் என்பது. பாரசீகர்கள் கி.மு. 494இல் நகரத்தை அழித்தார்கள். கட்டம் கட்டமான ஊர் அதன்பின் எழுந்தது. நகர மன்றக் கட்டடம் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புகழ்பெற்ற சந்தை வாயில் அதற்கும் சுமார் முந்நூறு ஆண்டு பிந்தி, ரோமானியர் காலத்தில் வந்தது. தேலீஸை அந்த வாயில் வழியாக நடக்கவிட்டால் எழுநூறு ஆண்டுப் பிழை.

அந்த வாயில் இப்போது மிலேட்டஸில் இல்லை. அகழ்ந்தெடுத்த துண்டுகளை பெர்லினுக்குக் கொண்டுபோய், 1920களில் பெர்கமான் அருங்காட்சியகத்துக்குள் சுமார் 17 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தினார்கள். கிடைக்காத பாகங்களுக்கு அங்கேயும் புதிய பொருட்களை இட்டு நிரப்பினார்கள். கல்லில் செய்த மறுகட்டுமானத்திலும் ஊகம் உண்டு. கணினி மாதிரியில் தப்பு தெரிந்தால் ஒரு தூணை அழித்து வேறொன்றை நிறுத்தலாம். பெர்லின் வாயிலில் அது நடக்காது.