தனக்கென்று ஓர் ஆத்திசூடி



அறம் உரைக்கும் நூல்களுக்குத் தமிழிலே பஞ்சமில்லை. திருக்குறள் முதல் கொன்றைவேந்தன் வரை அடுக்கிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. ஒருவர் தமக்கென்று ஒரு நெறியைத் தாமே வகுத்துக்கொள்வது எப்படி? இதற்கு விடைதேட இரண்டு ஆத்திசூடிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது ஔவையாருடையது. சங்ககால ஔவையல்லர் இவர், பிற்காலத்தவர். அகரவரிசைப்படி எழுத்துக்கு ஒரு கட்டளை. எழுத்தைப் படிக்கும் குழந்தை அறத்தையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இதைவிடச் சிறந்த உத்தி வேறில்லை.

பாரதியார் (1882 - 1921) இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றினார். அவருடைய புதிய ஆத்திசூடியில் 110 கட்டளைகள். ஔவை அறத்தின்மீது விருப்பம் வைக்கச் சொல்லித் தொடங்கினார். பாரதியோ பயத்தை விடச் சொல்லித் தொடங்கினார். அடிமைப்பட்ட நாட்டில் பயந்தவனுக்கு அறம் செய்யவும் துணிவு வராது என்பது அவர் கணக்கு.

இன்னும் சில இடங்களைப் பாருங்கள். 'தை' என்ற எழுத்திலே, பெண்ணின் பேச்சைக் கேட்டு நடவாதே என்கிறார் ஔவை. இதற்கு உரைகாரர்கள் எத்தனையோ சமாதானம் சொல்வர். எனக்கு ஒன்றும் திருப்தி தந்ததில்லை. அதே எழுத்தில் பெண்ணை மேன்மைப்படுத்தச் சொல்கிறார் பாரதி. சினத்தைத் தணித்துக்கொள் என்பது ஔவை வாக்கு. கடுஞ்சினத்தையும் கற்றுக்கொள் என்பது பாரதி வாக்கு. அதைச் சொல்ல அவர் கையாண்ட சொல் ரகரத்தில் தொடங்கும் வடசொல். ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. அந்த வேலியையும் தாண்டித்தான் தமக்கு வேண்டியதை எழுதியிருக்கிறார்.

'போ' என்ற எழுத்துக்கு வரும்போது வகுப்பறை கொஞ்சம் அமைதியாகிவிடும். போரைத் தொழிலாகக் கொள்ளாதே என்பவர் ஔவை. போர்க்கலையில் பயிற்சி பெறு என்பவர் பாரதி. துறைமுகமும் படைமுகாம்களும் சூழ்ந்த திருகோணமலையில், 2009 வரை நீண்ட யுத்தத்தில் உறவுகளை இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் கற்பிப்பது இலகுவன்று. பாரதி சொன்னது எந்தக் காலத்தில், யாரை நோக்கி என்பதை விளக்கலாம், விளக்கவும் வேண்டும். ஆயினும் என் கருத்தைக் கேட்டால், பெண்ணைப் பற்றிய வரியில் நான் பாரதியின் பக்கம். போரைப் பற்றிய வரியில் ஔவையின் பக்கம். இப்படித் தேர்ந்தெடுக்கத் தொடங்கும்போதே ஒருவனுடைய சொந்த நெறி எழுதப்படத் தொடங்கிவிடுகிறது.

அன்புவழிபுரத்திலும் அயலிலும் இருந்து வரும் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்து வரி எழுதிவரச் சொன்னதுண்டு. பெரும்பாலானோர் 'பொய் பேசாதே', 'பெரியோரை மதி' என்று பழையதையே எழுதினர். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒன்று 'வலையில் பட்ட ஆமையை விடு' என்று எழுதியிருந்தது. வலையை அறுக்காமல் ஆமையை எடுக்க முடியாத வேளையும் உண்டு. செலவு வைக்கும் வரி அது. ஆதலால் அதற்கே கூடுதல் புள்ளி கொடுத்தேன்.

எழுதியதைக் கடைப்பிடிப்பது வேறு சங்கதி. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் தமக்கெனப் பன்னிரண்டு நற்பண்புகளை வகுத்தார். தமக்குச் செருக்கு அதிகம் என்று நண்பரொருவர் சுட்டிக்காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். வாரத்துக்கு ஒரு பண்பு. தவறிய இடங்களில் குறிப்பேட்டில் கரும்புள்ளி. 'ஒழுங்கு' என்ற பண்புதான் அவரை மிகவும் படுத்தியதாம்!

வேறொரு வழியும் உண்டு. நம் கிழக்கு மண்ணின் விபுலாநந்த அடிகள் 1924 இல் துறவு பூண்டபோது, இராமகிருஷ்ண சங்கத்தின் நெறியை முழுமையாக ஏற்றுக்கொண்டார். தாமாக ஒன்றை வகுப்பதைக் காட்டிலும் அது எளிது என்று எண்ணிவிட வேண்டாம்.

காந்தியடிகள் 1888 இல் இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லையெனத் தாயாருக்கு வாக்குக் கொடுத்தார். அதை அவர் காத்த கதை யாவரும் அறிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாதது பால் விரதம். பசுக்களை வதைத்துப் பால் கறக்கும் கொடுமையை அறிந்து, 1912 இல் தென்னாபிரிக்காவிலே பாலைத் துறந்தார். 1918 இல் குஜராத்தில், அகிம்சையைப் போதித்த அவரே பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்த்துத் திரிந்தபோது, வயிற்றுக்கடுப்பு முற்றி இறக்கும் நிலைக்கு வந்தார். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனத்தில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கஸ்தூரிபாய். காந்தி குடித்தார். பிழைத்தும் எழுந்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைக் கைவிட்டுவிட்டேன் என்ற உறுத்தலை, பின்னர் சத்தியசோதனையில் ஒளிக்காமல் எழுதினார். ஆட்டுப்பாலை மட்டும் அவர் இறுதிவரை விடவில்லை.