விநாடிக்கு 60 டன் எஃகு... தெரியுமா உங்களுக்கு?

இந்த வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி? அதற்குள் உலகத்தின் உருக்காலைகளில் 120 டன் எஃகு வார்த்து முடித்துவிட்டார்கள்!

2023-ல் உலகம் உற்பத்தி செய்த கச்சா எஃகு சுமார் 189 கோடி டன். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 60 டன் வரும்! பாரிஸில் நிற்கும் ஐஃபல் கோபுரத்தின் இரும்பு எடை சுமார் 7,300 டன். அப்படியென்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஐஃபல் கோபுரம்! ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதற்கும் நிற்காமல்!

இதில் யார் முதலிடம்? சீனா. சுமார் 102 கோடி டன்! உலகத்தின் மற்ற எல்லா நாடுகளையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. இரண்டாம் இடம் யாருக்கு என்று தெரியுமா? ஜப்பானும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. 14 கோடி டன்னோடு இந்தியா!

இப்போது 1949-க்குப் போவோம். மக்கள் சீனம் பிறந்த அந்த வருஷம், அந்தப் பெரிய தேசம் முழுவதும் சேர்ந்து உருக்கிய எஃகு எவ்வளவு தெரியுமா? வெறும் 1,58,000 டன்! அதே அளவை இன்றைய சீனா எத்தனை நாளில் செய்கிறது? நாள் கணக்கே வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும்!

ஆனால் நடுவில் ஒரு பயங்கரம் நடந்தது. எஃகு உற்பத்தியில் பதினைந்து வருஷத்தில் பிரிட்டனை முந்த வேண்டும் என்று அறிவித்தார் சீனத் தலைவர் மாவோ. 1957-ல் 53 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, 1958-ல் ஒரு கோடியே ஏழு லட்சம் டன்னாக வேண்டும் என்று உத்தரவு! ஒரே வருஷத்தில் இரட்டிப்பு! எப்படி முடியும்? ஊருக்கு ஊர், கொல்லைப்புறத்துக்குக் கொல்லைப்புறம் களிமண் உலைகள் முளைத்தன. சுமார் 9 கோடி பேர் உலை மூட்டினார்கள்! வீட்டுச் சட்டி, வாணலி, கதவுக் கீல் எல்லாம் நெருப்புக்குள் போயின. எண்ணிக்கை என்னவோ எட்டிவிட்டது. ஆனால் அதில் ஏறக்குறைய 30 லட்சம் டன் எதற்கும் உதவாத கட்டி இரும்பு! அறுவடைக்கு ஆளில்லாமல் பயிர் வயலிலேயே வீணானது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டு போனார்கள். ஓர் எண்ணைத் துரத்தியதற்கு ஒரு தேசம் இப்படி விலை கொடுத்ததுண்டு என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அந்தப் பிரிட்டன் இன்று எங்கே நிற்கிறது? 2023-ல் அதன் மொத்த எஃகு உற்பத்தி சுமார் 56 லட்சம் டன். சீனாவின் இரண்டு நாள் வேலை!

சரி, இந்தக் கணக்கையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்? நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவு, சுமார் 600 தொழிற்பொருள்களின் உற்பத்தியை நாடு வாரியாகத் தொகுக்கிறது. சிமென்ட் என்றால் டன். பீர் என்றால் ஹெக்டோலிட்டர். கம்பளம் என்றால் சதுர மீட்டர். ஷூ என்றால்? ஜோடி!

அளவு எதில் வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? சோவியத் யூனியனில் சரவிளக்குத் தொழிற்சாலைகளுக்கு உற்பத்தி இலக்கை டன் கணக்கில் கொடுத்தார்கள். விளைவு? விளக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்ல பெயர்! கூரையே இறங்கிவிடும் போன்ற விளக்குகளாகச் செய்து தள்ளினார்கள். 1959-ல் சோவியத் தலைவர் குருஷேவ் இதை எல்லோர் முன்னிலையிலும் சாடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜோடிக் கணக்கு என்றோமே, உலகில் வருஷத்துக்கு எத்தனை ஜோடி செருப்பும் ஷூவும் தயாராகின்றன தெரியுமா? 2,200 கோடிக்கு மேல்! பிறந்த குழந்தை முதல் பாட்டி வரை ஆளுக்கு ஏறக்குறைய மூன்று ஜோடி! பாதிக்கு மேல் சீனாவில். அடுத்த இடம் இந்தியாவுக்கு. அதில் நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களின் உழைப்பும் இருக்கிறது!

சிமென்ட்? வருஷத்துக்குச் சுமார் 410 கோடி டன். பூமியில் இருக்கும் ஒவ்வொருவர் தலைக்கும் பத்து மூட்டை! இன்னும் கேளுங்கள். அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டு முழுவதும், அதாவது நூறு வருஷத்தில், பயன்படுத்திய சிமென்ட் சுமார் 450 கோடி டன். வானளாவிய கட்டடங்கள், ஹூவர் அணை, நாடு தழுவிய நெடுஞ்சாலைகள் எல்லாம் இதில் அடக்கம். அதைவிடக் கூடுதலாக, சுமார் 650 கோடி டன்னைச் சீனா மூன்றே வருஷத்தில் கொட்டித் தீர்த்தது! 2011, 2012, 2013. நம்ப முடிகிறதா?

கார்களுக்கு வருவோம். 2023-ல் உலகில் சுமார் 9 கோடியே 35 லட்சம் வாகனங்கள் தயாராயின. விநாடிக்கு மூன்று! ஆள் தொகைக்கு ஏற்ற கணக்கில் உலகிலேயே அதிகம் கார் செய்யும் நாடு எது, சொல்லுங்கள் பார்ப்போம். ஜெர்மனியா? ஜப்பானா? இரண்டும் இல்லை, ஸ்லோவாகியா! மொத்த மக்கள்தொகையே 54 லட்சம்தான். வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் கார்! ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வருஷா வருஷம் புதுக் கார் வெளியே வருகிறது! ஃபோக்ஸ்வாகன், கியா, ஸ்டெல்லான்டிஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் எல்லாம் அந்தச் சின்ன நாட்டில் கடை விரித்திருக்கின்றன.

தென்கொரியாவின் உல்சான் நகரில் இருக்கும் ஹூண்டாய் ஆலை உலகின் மிகப் பெரிய கார் ஆலைகளில் ஒன்று. அதற்குச் சொந்தமாகவே ஒரு துறைமுகம் உண்டு! கார் நேராகக் கப்பலில் ஏறிவிடும்!

ஒரு கேள்வி. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் டயர் செய்யும் நிறுவனம் எது? எம்.ஆர்.எஃப்.? மிஷெலின்? பிரிட்ஜ்ஸ்டோன்? மூன்றும் தப்பு! பொம்மை செய்யும் லெகோ! 2011-ல் மட்டும் 30 கோடிக்கும் அதிகமான குட்டி டயர்கள்! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு இது!

இரு சக்கர வண்டியில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2023-24-ல் இந்தியாவில் 2 கோடியே 14 லட்சம் வண்டிகள் தயாராயின. ஒன்றரை விநாடிக்கு ஒன்று! ஓசூரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் போனவை அதில் எத்தனையோ! உலகிலேயே அதிகம் டிராக்டர் செய்யும் நாடும் நாம்தான்!

ஒரே மாதிரியாக மிக அதிகம் தயாரான மோட்டார் வண்டி எது? ஹோண்டா சூப்பர் கப். 1958-ல் ஜப்பானில் வந்த குட்டி வண்டி. 2017 அக்டோபரில் பத்துக் கோடியாவது வண்டி வெளியே வந்தது! பத்துக் கோடி!

இந்தக் குவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இனிமேல்தான் வருகிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பால்பாயின்ட் பேனாவை எடுத்து முனையைப் பாருங்கள். ஒரு குட்டிக் குண்டு தெரிகிறதா? அந்தக் குண்டைச் சீனா எப்போதோ செய்யப் பழகிவிட்டது. வருஷத்துக்கு 3,800 கோடி பேனா! உலகப் பேனாக்களில் ஐந்தில் நான்கு! ஆனால் அந்தக் குண்டு உட்கார்ந்திருக்கும் குழி இருக்கிறதே, அந்த முனை, அதற்கான எஃகைச் செய்ய அவர்களால் முடியவில்லை! அப்போதே வருஷத்துக்கு 80 கோடி டன் எஃகு உருக்கிய தேசம், சுமார் ஆயிரம் டன் பேனா முனை எஃகுக்காக ஜப்பானிடம் கையேந்தி நின்றது! அதைக் கடையும் இயந்திரமோ சுவிட்சர்லாந்திலிருந்து!

ஏன் அவ்வளவு கஷ்டம்? குழியின் உட்புறத்தில் மை வழிந்து வர மிக நுண்ணிய வாய்க்கால்கள் வெட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் மை ஒழுகும் அல்லது எழுதாது! வெட்டும்போது எஃகு இணங்கி வர வேண்டும். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் எழுதினாலும் தேயக்கூடாது. மை பட்டு அரிக்கவும் கூடாது. அப்போது நாட்டின் பிரதமராக இருந்த லீ கச்சியாங்கே இதைச் சொல்லி ஆதங்கப்பட்டார்! தையுவான் இரும்பு எஃகு ஆலை ஐந்து வருஷம் முட்டி மோதி, 2.3 மில்லிமீட்டர் முனைக்கான கம்பியை உருவாக்கியது. 2017 ஜனவரியில் செய்தி வந்தபோது சீனப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன!

உங்கள் பேன்ட் ஜிப்பில் ஒய்.கே.கே. என்று எழுதியிருக்கிறதா? 1934-ல் தடாவோ யோஷிதா தொடங்கிய ஜப்பான் நிறுவனம். ஜிப்புக்கான பித்தளை, நூல், துணிப்பட்டை மட்டுமில்லை, ஜிப் செய்யும் இயந்திரத்தையும் அவர்களே செய்துகொள்கிறார்கள்!

கால்பந்து எங்கே தைக்கிறார்கள்? பிரேசிலிலா? இல்லை, பாகிஸ்தானின் சியால்கோட்டில்! 2014, 2022 உலகக் கோப்பைப் பந்துகள் அந்த ஊரில் தயாரானவைதான்! சட்டைப் பித்தானுக்கு ஓர் ஊர் உண்டு தெரியுமா? சீனாவின் சியாவ்தோவ். உலகப் பித்தான்களில் பாதிக்கு மேல் தங்களுடையவை என்று மார்தட்டுகிறார்கள்!

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாட்டும் ரப்பர் கையுறை? கொரோனாவுக்கு முன்பு உலகத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து! அந்த நாட்டின் ரப்பர் தொழில் யாருடைய முதுகில் ஏறி வளர்ந்தது? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப்போய், விடியும் முன்னே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் மக்களின் முதுகில்தான்! கையுறைக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வராமல் இருக்காது.

வேகம் என்றால் என்ன வேகம்? இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் முதல் லிபர்ட்டி சரக்குக் கப்பலைக் கட்ட 244 நாள் ஆனது. 1942 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில், ராபர்ட் இ. பியரி என்ற கப்பலைக் கட்டி நீரில் இறக்க ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? 4 நாள், 15 மணி, 29 நிமிடம்! 441 அடி நீளக் கப்பல்! ரிவெட் அடிப்பதை விட்டு வெல்டிங்குக்கு மாறினார்கள். பகுதி பகுதியாகத் தனித்தனியே செய்து, கிரேனில் தூக்கி வைத்து இணைத்தார்கள். போர் முடிவதற்குள் இப்படி 2,710 கப்பல்கள்!

மிச்சிகனின் வில்லோ ரன் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் உச்சத்தில் இருந்தபோது? 63 நிமிடத்துக்கு ஒரு குண்டுவீச்சு விமானம்!

மனித குலம் இதுவரை அதிகமாகச் செய்த பொருள் எது? ஆணியா? செங்கல்லா? இல்லை, டிரான்சிஸ்டர்! 1947 டிசம்பரில் நியூஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. 2018 வரை செய்தவை எத்தனை என்று கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் மதிப்பிட்டது. 13 போட்டு, பக்கத்தில் 21 சைபர்! இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்தால், தலைக்கு ஒன்றரை லட்சம் கோடி!

அதி நவீன சிப் செய்யும் இயந்திரத்தை உலகில் ஒரே நிறுவனம்தான் செய்கிறது. நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல்.! உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? உருகிய வெள்ளீயத் துளிகள் விநாடிக்கு 50,000 வீதம் பாய்கின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் குறி பார்த்து இரண்டு முறை அடிக்கிறது! ஒவ்வொரு துளியையும்! அந்த அடியில் பிறக்கும் ஒளிதான் சிப்பில் கோலம் வரைகிறது. ஓர் இயந்திரத்தை அனுப்ப 40 கன்டெய்னர் வேண்டும்!

அம்மோனியா? வருஷத்துக்குச் சுமார் 18 கோடி டன். பெரும்பகுதி உரமாகிப் பயிருக்குப் போகிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் இது, ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் 1913-ல் தொடங்கிய வித்தை. இன்று மனித உடலில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி, ஏதோ ஒரு தொழிற்சாலைக் குழாய் வழியாக வந்ததுதான்!

கடைசியாக அலுமினியம். ஐஸ்லாந்தில் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அங்கே அலுமினியத் தாது ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் உருக்குகிறார்கள்! ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு டன்! எப்படி? ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அருவியும் எரிமலைச் சூடும் அங்கே மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கின்றன. அதனால் உலகின் மறுகோடியிலிருந்து அலுமினா கப்பலேறி அந்தத் தீவுக்கு வருகிறது!

இதே அலுமினியம் ஒரு காலத்தில் வெள்ளிக்கு ஈடான விலை விற்றது தெரியுமா? 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க 2.8 கிலோ அலுமினியக் கூம்பு ஒன்றை வார்த்தார்கள். மேலே ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கின் டிஃப்பனி நகைக்கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் அதை ஒரே தாண்டாகத் தாண்டி, வாஷிங்டன் தூணின் உச்சியையே தாண்டிவிட்டோம் என்று பெருமையடித்துக்கொண்டார்கள்!

இரண்டே வருஷம். 1886-ல் மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறையை அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹால் கண்டுபிடித்தார். அதே வருஷம், அவரை அறியாமலே, பிரான்ஸில் பால் ஹெரூல்ட்டும் அதே முறையைக் கண்டுபிடித்தார்! இன்றைக்கும் வருஷத்துக்கு 7 கோடி டன் அலுமினியம் அவர்கள் சொன்ன வழியில்தான் தயாராகிறது. இருவரும் பிறந்த வருஷம் எது தெரியுமா? 1863. இருவருமே! இறந்த வருஷம்? 1914. அதுவும் இருவருமே!