சுட வைத்தால் போதுமா?

“ஏனுங்கக்கா, நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சுட வெச்சுத்தானே குடுத்தனுப்பினேன்? அப்புறம் எப்படி வாந்தி?”

பள்ளியிலிருந்து வாடி வந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு இளம் தாய் கேட்டாள். முதல் நாள் இரவு மிஞ்சிய அரிசிம்பருப்பு சாதம். இரவெல்லாம் அடுப்பு மேடையிலேயே மூடி வைத்திருந்து, காலையில் சூடாக்கி டிபன் பாக்ஸில் போட்டிருக்கிறாள். நம்மில் பலர் செய்வதுதானே!

இதில் சந்தேகப்பட வேண்டியது, வயல் மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியை. கஷ்ட காலத்தில் இது கெட்டியான உறைகளைப் போர்த்திக்கொண்டு, உள்ளே ஈரத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, விதைநெல் மாதிரி ‘வித்தாக’ உறங்கிவிடும். மற்ற கிருமிகள் சாகும் கொதிநீரில் இது பிழைத்துக் கிடக்கும்.

வித்துக்குச் சாவே இல்லையா? உண்டு. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்த நீராவி, 121 டிகிரி சூட்டில், 15 முதல் 20 நிமிடத்தில் கொன்றுவிடும். நம் குக்கரும் அதே தத்துவம்தான். ஆனால் சாதத்துக்கு விடும் இரண்டு மூன்று விசிலை நம்பிவிட முடியாது. திறந்த பானையிலோ தண்ணீர் கோவையில் 99 டிகிரியைத் தாண்டாது. ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. வித்து விழித்துவிட்டால் அதன் கவசம் போய்விடும். 1877-ல் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி, சூடாக்கி, ஆறவிட்டு, விழித்த கிருமிகளை மறுபடி சூடாக்கியே ஒழித்தார்.

‘நானும் அதைத்தானே செய்தேன்’ என்பீர்கள். அங்கேதான் வினை! வெதுவெதுப்பான சாதத்தில் விழித்த கிருமி இரவெல்லாம் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைக் கக்கிவிடுகிறது. காலையில் சுட வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சாதம் பலரைப் படுக்கவைத்ததும் இப்படித்தான். வேகவைத்த சாதத்தை வெளியிலேயே வைத்திருந்து பிறகு வறுத்திருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது:

• மிஞ்சிய சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

• ஃபிரிஜ் இல்லையென்றால் அளவாக ஆக்குங்கள்.

• டிபன் பாக்ஸுக்கு அன்று காலை ஆக்கியதே நல்லது.

• குழந்தை வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை துவண்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

சாயங்காலம் பையன் எழுந்து விளையாடப் போய்விட்டான். “இனி ராத்திரிக்கு அரை டம்ளர் அரிசி கொறச்சே போடறனுங்கக்கா” என்றாள் அவள். கெட்டிக்காரி!